மார்ட்டின் ஓ'ஹேகன் கொலையை விசாரியுங்கள்: வட அயர்லாந்துக்கான பிரித்தானிய அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களே,

2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு, ஆர்மா மாவட்டத்தின் லேர்கன் நகரில் மனைவியோடு வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்த செய்தியாளர் மார்ட்டின் ஓ'ஹேகன், தமது வீட்டை அடைவதற்குச் சற்று முன் காரில் வந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். வேட்டு விழத் தொடங்கியதும் அவர் செய்த கடைசிக் காரியம், மனைவியை ஓரத்து வேலிப்பக்கம் தள்ளிவிட்டது. மனைவி தப்பினார். 51 வயதான அவர், மூன்று பெண்பிள்ளைகளின் தந்தை, அந்த இடத்திலேயே உயிரிழந்தார். அன்றிலிருந்து இன்றுவரை இந்தக் கொலைக்காக ஒருவர்கூடக் குற்றவாளியெனத் தீர்க்கப்படவில்லை.

இதைத் தங்களுக்கு எழுதுவதற்கு உடனடிக் காரணம் ஒரு சட்டத்தில் இருக்கும் ஒரு திகதி. வட அயர்லாந்தின் கடந்தகால வன்முறைகளைக் கையாள்வதற்காக 2023இல் இயற்றப்பட்ட சட்டம், 1966 ஜனவரி 1 முதல் 1998 ஏப்ரல் 10 வரையான சம்பவங்களை மட்டுமே தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்கிறது. வட அயர்லாந்தின் சமாதான ஒப்பந்தமான பெரிய வெள்ளி உடன்படிக்கை கையெழுத்தான நாளோடு கடந்தகாலம் முடிந்துவிட்டதாக அந்தச் சட்டம் கருதுகிறது. ஓ'ஹேகன் கொல்லப்பட்டது அதற்கு மூன்றாண்டுகளுக்கு மேல் கழித்து. ஆகவே அந்தச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட ஆணைக்குழுவிடம் அவரது குடும்பம் முறையிடவே முடியாது. வட அயர்லாந்தின் பெரிய கட்சிகள் அனைத்தும் எதிர்த்த சட்டம் அது. அதை நானும் ஏற்கவில்லை. ஆனால் அதற்கு வெளியே விடப்பட்ட ஒரு கொலைக்கு வழமையான காவல்துறை விசாரணையாவது உயிரோடு இருக்கவேண்டும் அல்லவா? அதுவும் இல்லை. இந்தச் சட்டத்தை மாற்றியமைக்கும் பணியில் தங்கள் அரசு இப்போது ஈடுபட்டிருக்கிறது. அந்த மாற்றத்தின் போதும் இந்தக் கொலை பேசப்படாமல் போய்விடக்கூடாது என்பதற்காகவே பகிரங்கமாக எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஒப்புநோக்காளராக வேலை செய்தவன். பல ஆண்டுகளாக ஆர்மா மாவட்டத்தில் குடும்பத்தோடு வாழ்ந்து, இங்கே வரி கட்டி, இங்கேயே வாக்களிக்கிறேன். ஓ'ஹேகனை நான் கண்டதில்லை. நான் இங்கு வருவதற்கு முன்பே அவரைக் கொன்றுவிட்டார்கள். ஆனால் அவர் எழுதிய ஊர்களில்தான் நான் வாழ்கிறேன்.

அவருடைய வாழ்க்கை எளிதாகப் புகழ்ந்துவிட்டுப் போகக்கூடியதன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேர்கனில் 1950இல் பிறந்தவர். தந்தை பிரித்தானியப் படைவீரர் என்பதால் சிறுபிராயத்தின் ஒரு பகுதியை ஜேர்மனியிலிருந்த படைமுகாம்களின் குடியிருப்புகளில் கழித்தவர். வாலிப வயதில் அயர்லாந்தை ஒரே குடியரசாக்கப் போராடிய ஐரிஷ் குடியரசுப் படையின் (ஐ.ஆர்.ஏ.) ஒரு பிரிவான, அதிகாரபூர்வ ஐ.ஆர்.ஏ. எனப்பட்ட அமைப்பில் சேர்ந்தார். விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார். பின்னர் ஆயுதங்களைக் கொண்டுசென்ற குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை அனுபவித்து 1978இல் வெளியே வந்தார். படித்தார். சமூகவியல் கற்றார். பிறகு பேனாவை எடுத்தார். இந்தப் பழைய கதையைச் சுட்டிக்காட்டி அவரது மரணத்தைச் சிறிதாக்க முயன்றவர்களை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். வன்முறையை விட்டு வெளியே வந்து, தண்டனையையும் அனுபவித்து முடித்து, எழுத்தைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்த ஒரு மனிதரை அவரது எழுத்துக்காகக் கொன்றார்கள் என்பதே என் கணிப்பில் இந்தக் கொலையின் பாரத்தைக் கூட்டுகிறது. ஆயுதத்தைக் கைவிட்டு வாருங்கள் என்று அந்தத் தலைமுறை முழுவதையும் அழைத்தது தங்கள் அரசு. அப்படி வந்தவர்களில் ஒருவர் அவர்.

சண்டே வேர்ல்ட் வார இதழில் அவர் எழுதியவை யாருக்கும் வசதியானவையாக இருக்கவில்லை. 1989இல் ஐ.ஆர்.ஏ.யின் மற்றொரு பிரிவான தற்காலிக ஐ.ஆர்.ஏ. அவரைக் கடத்திச் சென்று விசாரித்தது. அந்த ஆண்டு மார்ச்சில் தென் ஆர்மாவில் கொல்லப்பட்ட காவல்துறைத் தலைமைக் கண்காணிப்பாளர் ஹரி பிரீனோடு அவருக்கு இருந்த தொடர்பே அதற்குக் காரணம். மறுபக்கத்தில், பிரித்தானியாவோடு இணைந்திருக்கவேண்டும் என்ற தரப்பின் ஆயுதக் குழுவான அல்ஸ்டர் தொண்டர் படையின் போர்ட்டடவுன் பகுதித் தளபதி பில்லி ரைட்டுக்கு ‘கிங் ரற்’ (எலி அரசன்) என்று பட்டம் சூட்டி, அவருடைய ஆட்களின் கொலைகளையும் போதைப்பொருள் வியாபாரத்தையும் வாரந்தோறும் அம்பலப்படுத்தினார். அந்தப் படையினர் 1984இலேயே சண்டே வேர்ல்டின் வடபகுதி ஆசிரியர் ஜிம் கம்பெல்லைச் சுட்டுப் படுகாயப்படுத்தியிருந்தார்கள். 1992இல் அந்த இதழின் பெல்பாஸ்ட் அலுவலகத்தில் குண்டு வைத்தார்கள். ஓ'ஹேகனுக்கு இருந்த ஆபத்து அவ்வளவு வெளிப்படையானது. நிர்வாகம் அவரை எல்லை கடந்து டப்ளினுக்கும், பிறகு தெற்கே கோர்க்குக்கும் அனுப்பிவைத்தது. 1994இல் ஆயுதக் குழுக்களின் போர்நிறுத்தங்கள் வந்தபின் அவர் சொந்த ஊருக்குத் திரும்பினார். சமாதானம் வந்துவிட்டது என்று உங்கள் அரசு சொன்னதை நம்பித் திரும்பியவர்களில் அவரும் ஒருவர். கொல்லப்பட்டபோது அவர் தேசிய ஊடகவியலாளர் சங்கத்தின் பெல்பாஸ்ட் கிளைச் செயலாளராகவும் இருந்தார்.

கொலைக்கு உரிமை கோரியது ‘செங்கைக் காவலர்கள்’ என்ற பெயர். பில்லி ரைட் 1996இல் தொடங்கிய விசுவாசத் தொண்டர் படை தன் முகத்தை மறைத்துக்கொள்ளப் பயன்படுத்திய பெயர் அது என்பது அன்றே தெரிந்திருந்தது. இரண்டு வாரங்களில், 2001 ஒக்டோபர் 12 அன்று, அன்றைக்குத் தங்கள் பதவியில் இருந்த ஜோன் ரீட், அந்தப் படையின் போர்நிறுத்தத்தை அரசு இனி ஏற்காது என்று அறிவித்தார். அதாவது அரசு அன்றே கை நீட்டிக் காட்டியது. நீதிமன்றம்தான் இன்னும் காட்டவில்லை.

அமைச்சர் அவர்களே, இனிச் சொல்லப்போவதைச் சற்று நிதானமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 2001 ஓகஸ்ட் 1ஆம் திகதி, சமாதான உடன்படிக்கையை நடைமுறைப்படுத்துவது பற்றிய வெஸ்டன் பார்க் பேச்சுவார்த்தையின் முடிவில், அரசுத் தரப்பின் உடந்தை இருந்ததா என்று சுயாதீன நீதிபதி ஒருவர் ஆராயவேண்டிய ஆறு வழக்குகளை பிரித்தானிய அரசும் அயர்லாந்துக் குடியரசின் அரசும் பட்டியலிட்டன. அந்தப் பட்டியலில் தலைமைக் கண்காணிப்பாளர் ஹரி பிரீனின் கொலை இருந்தது. டப்ளினில் ஸ்மித்விக் தீர்ப்பாயம் அதை விசாரித்து 2013இல் அறிக்கை தந்தது. சிறைக்குள் 1997 டிசம்பரில் கொல்லப்பட்ட பில்லி ரைட்டின் மரணமும் இருந்தது. அதற்கென ஒரு பகிரங்க விசாரணைக் குழு அமைந்து 2010இல் அறிக்கை வந்தது. சட்டத்தரணி ரோஸ்மேரி நெல்சனின் கொலையும் இருந்தது. அவர் 1999 மார்ச் 15 அன்று, இதே லேர்கன் நகரில், காரில் வைக்கப்பட்ட குண்டுக்குப் பலியானவர். உரிமை கோரியதும் இதே ‘செங்கைக் காவலர்கள்’. அதை விசாரித்த குழு 2011இல் அறிக்கை வெளியிட்டு, அவரது பாதுகாப்பில் அரசு விட்ட தவறுகளைப் பட்டியலிட்டது.

ஓ'ஹேகன் எந்த அதிகாரியோடு பேசியதற்காகக் கடத்தப்பட்டாரோ அந்த அதிகாரியின் மரணத்துக்கு விசாரணை நடந்தது. எந்த ஆயுதத் தலைவரை அம்பலப்படுத்தினாரோ அவருடைய மரணத்துக்கும் விசாரணை நடந்தது. அவரது ஊரிலேயே, அதே கொலைகாரப் பெயரால் கொல்லப்பட்ட சட்டத்தரணிக்கும் விசாரணை நடந்தது. அவை எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ரைட்டின் தந்தைக்கும் தன் மகன் எப்படிச் செத்தான் என்று அறியும் உரிமை இருந்தது. ஆனால் இவர்கள் எல்லாரையும் பற்றி எழுதிக்கொண்டிருந்த மனிதர், பட்டியல் முடிவாகி இரண்டு மாதங்கள் ஆவதற்குள் கொல்லப்பட்டார் என்பதால் பட்டியலுக்குள் வரவில்லை; 1998க்குப் பின் கொல்லப்பட்டார் என்பதால் இப்போதைய சட்டத்துக்குள்ளும் வரவில்லை. ஒரு பக்கம் பிந்திப்போனார், இன்னொரு பக்கமும் பிந்திப்போனார். கொலை நடந்த நாளை வைத்து நீதியை அளக்கும் இந்த முறையை எந்தக் குடும்பத்திடம் போய் நியாயம் என்று விளக்குவீர்கள்?

காவல்துறை விசாரணையின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் சொல்வதற்கு அதிகமில்லை. 2008இல் சிலர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2010இல் கொலைக் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. பின்னர் அந்த ஆயுதக் குழுவோடு இருந்த ஒருவர் அரச தரப்புச் சாட்சியாக மாறச் சம்மதித்தார். அப்படிச் சம்மதித்ததற்காக, 18 ஆண்டுகளாக இருந்திருக்கவேண்டிய அவருடைய தண்டனை 2012இல் 3 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில், அவருடைய வாக்குமூலத்தை உறுதிப்படுத்த வேறு சான்று இல்லை என்று கூறி, அதன் அடிப்படையில் எவர் மீதும் வழக்குத் தொடுக்கப்போவதில்லை என அரச வழக்குத் தொடுநர் பணியகம் அறிவித்தது. தண்டனைக் குறைப்பு மட்டும் நடந்தது. அதற்கு ஈடாகக் கிடைக்கவேண்டிய வழக்கு நடக்கவில்லை. துணைச்சான்று ஏன் கிடைக்கவில்லை, தேடப்பட்டதா, தேடியும் எவராவது தடுத்தார்களா, கொலைகாரர்களிடையே காவல்துறைக்குத் துப்புக் கொடுத்தவர்கள் இருந்து அவர்களைக் காப்பாற்றும் அக்கறை குறுக்கே நின்றதா? இந்தக் கேள்விகளை அவரது சக செய்தியாளர்களும் சங்கமும் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகிறார்கள். பதில் எதுவாக இருந்தாலும் அதைக் கேட்க அவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். பதில் இல்லாமைதான் இங்கே சகிக்க முடியாதது.

இந்த மௌனம் ஓர் ஊரில் என்ன செய்கிறது என்பதற்கு நானே சாட்சி. என்னோடு இரவு வேலை செய்த லேர்கன்காரர் ஒருவர் வேலை முடிந்து என்னை அடிக்கடி தமது காரில் ஏற்றிவந்து இறக்கிவிடுவார். ஒருநாள் நான் ஓ'ஹேகனைப் பற்றிக் கேட்டேன். வெளியே யாருமே இல்லாத அதிகாலையில், அவர் முதலில் கார்க் கண்ணாடியை மேலே ஏற்றினார். பிறகு, “யார் செய்தது என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்” என்றார். தமக்குச் சொல்லப்பட்ட பெயர்களுக்குரிய ஒருவரைக் கடையில் பால் வாங்க நிற்கும்போது காண்பதாகவும், தலையசைத்து நலம் விசாரித்துவிட்டு வருவதாகவும் சொன்னார். பெயர்களை அவர் என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவர் கேள்விப்பட்ட பெயர்கள் சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. குற்றம் செய்யாத ஒருவர் மீதுகூட அந்தச் சந்தேகம் இருபது வருடங்களுக்கு மேலாகப் படிந்து கிடக்கலாம். அதைத் துடைக்கவும் ஒரு நீதிமன்றம்தான் வேண்டியிருக்கிறது.

2024 ஓகஸ்டில் பெல்பாஸ்ட்டிலும், 2025 ஜூனில் பாலிமீனாவிலும் வெளிநாட்டவரின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. அந்த நாட்களில் எங்கள் பகுதியில் வெளிநாட்டுக் குடும்பங்கள் மாலையில் விளக்கை அணைத்துவிட்டுப் பின்னறையில் இருந்தன. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். எங்களிடம் பேச வந்த இளம் செய்தியாளர் ஒருவர், தம் வீட்டு வாசலுக்குக் காவல்துறையினர் வந்து, தமக்கு உயிராபத்து இருப்பதாக எழுத்தில் அறிவித்துவிட்டுப் போனதைச் சாதாரணமான அலுவலைப்போலச் சொன்னார். வரவேற்பறையில் உட்கார்ந்து தேநீரைக் குடித்தபடி, குறிப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். “நீங்கள் பயப்படவில்லையா, பிள்ளை?” என்று என் மனைவி கேட்டதற்கு, “பழகிவிட்டது” என்பதே அவர் சொன்ன பதில். எங்கள் ஜன்னலை உடைக்க ஆள் அனுப்புவது யார், அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை எழுதக்கூடியவர்கள் இவர்கள் மட்டுமே. ஒரு செய்தியாளரைக் கொன்றவர்கள் கால் நூற்றாண்டாகத் தண்டனையின்றி இருக்கிறார்கள் என்பது இவர்களை மிரட்டுபவர்களுக்கும் தெரியும். ஆகவே ஓ'ஹேகன் வழக்கு எனக்குப் பழைய வழக்கன்று. என் வீட்டுப் பாதுகாப்போடு சம்பந்தப்பட்டது.

செய்தியாளர் விடயத்தில் அரசுக்கு ஆற்றல் போதவில்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. 1994 ஜூனில் லொக்கினைலண்டில் உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேர் கொல்லப்பட்டதைப் பற்றி 2017இல் ஆவணப்படம் வெளிவந்தது. அதில் பணியாற்றிய ட்ரெவர் பேர்ணியையும் பரி மக்காஃப்ரியையும் 2018 ஓகஸ்ட் 31 அதிகாலை காவல்துறை கைது செய்தது. அந்தத் தேடுதல் ஆணைகள் சட்டப்படி செல்லாதவை என்று பெல்பாஸ்ட் உயர்நீதிமன்றம் 2019இல் கூறியது. அவர்களுக்கும் படத்தைத் தயாரித்த நிறுவனத்துக்குமாக 875,000 பவுண் இழப்பீடு வழங்கப்பட்டது. செய்திக்குத் தகவல் தந்தவர்களைக் கண்டறிய அவர்களைச் சட்டவிரோதமாகக் கண்காணித்ததாக 2024 டிசம்பரில் விசாரணை அதிகாரங்களுக்கான தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. ஆறு பேரைக் கொன்றவர்கள் இன்னும் தண்டிக்கப்படவில்லை. கொலையைப் பற்றி எழுதியவர்களைத் தேட இருந்த முனைப்பு, எழுதியவரைக் கொன்றவர்களைத் தேடுவதில் எங்கே போனது?

இன்னொன்றையும் நான் சொல்லாமல் விட முடியாது. ஓ'ஹேகன் கொல்லப்படுவதற்கு ஓராண்டு முன், 2000 ஒக்டோபர் 19 இரவு, யாழ்ப்பாணத்தில், ஊரடங்கு வேளையில், பி.பி.சி.க்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன் தமது வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று நான் அந்த ஊரில் பத்திரிகையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எங்கள் பணிமனையில் செய்திகளின் மேல் நிருபர் பெயர் போடுவது குறைந்தது. சில செய்திகள் எழுதப்படவே இல்லை. இலங்கை அரசு அந்த வழக்கில் நீதி வழங்கவில்லை. ஆனால் 2022 பெப்ரவரியில், அந்தக் கொலை தொடர்பாக இங்கிலாந்தின் நோர்தாம்ப்டன்ஷயரில் ஒருவரை இலண்டன் பெருநகரக் காவல்துறையின் போர்க்குற்றப் பிரிவு கைது செய்தது. இருபத்தொரு வருடங்கள் கழிந்தும், கடல் கடந்து நடந்த கொலையானாலும், அரசு நினைத்தால் தேட முடியும் என்பதை அன்று அறிந்தோம். அதற்காக நான் பிரித்தானியக் காவல்துறைக்கு நன்றியுடையவன். அதே முயற்சியைத் தங்கள் ஆட்சிப் பரப்புக்குள்ளேயே நடந்த கொலைக்கும் எடுங்கள் என்று கேட்கும் உரிமையும் எனக்கு இருப்பதாக நம்புகிறேன். 2019 ஜூலையில் கனடாவோடு சேர்ந்து இலண்டனில் உலக ஊடக சுதந்திர மாநாட்டை நடத்திய அரசு இது.

காவல்துறையும் நீதியும் 2010 ஏப்ரலிலேயே வட அயர்லாந்தின் சொந்த அரசான ஸ்டோர்மொண்ட் நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன, ஆகவே அங்கே கேளுங்கள் என்று தங்கள் அலுவலகம் பதில் எழுதக்கூடும். அந்தப் பதிலை ஏற்க மாட்டேன். தேசிய பாதுகாப்பும் புலனாய்வு இரகசியங்களும் இலண்டனிடமே இருக்கின்றன. துப்புக் கொடுத்தவர்கள் பற்றிய கோப்புகளைத் திறக்கும் திறப்பு ஸ்டோர்மொண்டின் கையில் இல்லை. 1998 ஓகஸ்டில், அதாவது உடன்படிக்கைக்குப் பின்னர், 29 பேரைப் பலிகொண்ட ஓமா குண்டுவெடிப்புக்குச் சட்டபூர்வமான விசாரணையை 2023 பெப்ரவரியில் அறிவித்தவர் தங்கள் பதவியில் இருந்தவரே. நீதித்துறை அப்போதும் ஸ்டோர்மொண்டிடம்தான் இருந்தது. சட்டத்தரணி பற் ஃபினுகேன் கொலைக்கான விசாரணையை 2024 செப்டெம்பரில் அறிவித்ததும் இதே அலுவலகம். அதிகாரம் இருக்கிறது. முன்னுதாரணமும் இருக்கிறது.

ஆகவே தங்களிடம் கேட்பவை இவை. ஓ'ஹேகன் கொலையை வட அயர்லாந்துக் காவல்துறையோடு எந்தத் தொடர்பும் இல்லாத வெளிக் காவல்துறையணி ஒன்று முதலிலிருந்து மீள விசாரிப்பதற்கான பணத்தையும் ஆளணியையும் இலண்டன் ஏற்கவேண்டும். அதோடு, 2005ஆம் ஆண்டின் விசாரணைகள் சட்டத்தின் கீழ், சாட்சிகளைக் கட்டாயமாக அழைக்கும் அதிகாரத்தோடு ஒரு பகிரங்க விசாரணையைத் தாங்கள் அறிவிக்கவேண்டும்; கொலைக்கு முன் அவருக்கிருந்த ஆபத்தைப் பற்றி அரசுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதும், 2008 முதல் 2013 வரை வழக்கு ஏன் சரிந்தது என்பதும் அதன் வரையறைக்குள் எழுத்தில் இருக்கவேண்டும். அந்த விசாரணை தொடங்கும் வரை, இந்தக் கொலை தொடர்பான கோப்புகள், சான்றுப்பொருட்கள், புலனாய்வுக் குறிப்புகள் எதுவும் அழிக்கப்படாது என்று நாடாளுமன்றத்தில் உறுதி தரவேண்டும். கடந்தகால வன்முறைச் சட்டத்தை மாற்றும்போது, 1998 ஏப்ரல் 10க்குப் பின் ஆயுதக் குழுக்களால் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் எங்கே முறையிடுவது என்பதைச் சட்டத்திலேயே சொல்லவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, அவரது குடும்பத்தையும் ஊடகவியலாளர் சங்கத்தின் பிரதிநிதிகளையும் தாங்களே நேரில் அழைத்துச் சந்திக்கவேண்டும்; அந்தச் சந்திப்புக்கான திகதியை வரும் செப்டெம்பர் 28க்கு முன் அறிவிக்கவேண்டும். இந்தக் கோரிக்கைகளில் எதையேனும் தாங்கள் மறுப்பதானால், அதற்கான காரணத்தை எழுத்தில், பகிரங்கமாகத் தரவேண்டும்.

இப்படிக்கு,
ஆர்மா மாவட்டத்தில் வாழும் முன்னாள் பத்திரிகைப் பணியாளர் ஒருவர்